வெள்ளிக் கம்பி

"ஸ்பீக்கர் ஒயர்ல மறுபடியும் ஏதோ கோளாறு தம்பி. பாட்டுல உயிரே இல்ல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போனை வைத்ததும் ஆடியோ மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். தொடர்ந்து ஏழாவது ஞாயிற்றுக்கிழமையாக இதே புலம்பல். ஒயரால் பாட்டு கெடுகிறதாம்! ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்றால் இப்படியா?

ஆனாலும் பத்தே நிமிஷத்தில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் செய்கிற வைத்தியமும் லேசுப்பட்டதல்ல. ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, இருக்கிற ஒயரைக் கழற்றுவார். முனையைத் துடைப்பார். அதையே திரும்ப மாட்டுவார்.

"இப்பக் கேளுங்க சார்."

"அடடா! இப்பத்தான் தம்பி கணீர்னு இருக்கு!"

இதற்கெல்லாம் கூலி வாங்க மனசு வராது. டீ மட்டும் குடிப்பார். சாரின் மனைவி மகள் வீட்டுக் கதையைச் சொல்வார். சார் மாப்பிள்ளையைக் கிண்டலடிப்பார். நேரம் போவதே தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மெக்கானிக்கின் வீட்டில் பேசுவதெல்லாம் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள்தான்.

இன்றைக்கு சார் பெரிய குண்டாகத் தூக்கிப் போட்டார்.

"பேசாம வெள்ளிக் கம்பி கேபிளே வாங்கிடலாம்னு இருக்கேன். வெளிநாட்டுச் சரக்கு. ரெண்டு மாசப் பென்ஷன் போகும், போகட்டும்."

மெக்கானிக்குக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனுஷன் அநியாயமாக ஏமாந்துபோவார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் சார். இந்த ரூமுக்கு எந்த ஒயரைப் போட்டாலும் ஒரே சத்தம்தான். இத்தனை வாரமா நான் எதையுமே மாத்தல. கழட்டினதையே திரும்ப மாட்டினேன். உங்களை ஏமாத்திட்டேன், மன்னிச்சிடுங்க. இனிமே வரமாட்டேன்."

தலையைத் தூக்காமல் எழுந்தார்.

"உட்காருங்க தம்பி. நான் இருபத்தெட்டு வருஷம் ஒயர் கம்பெனியில டெஸ்டிங் பார்த்தவன். எனக்கா தெரியாது?"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். "தெரிஞ்சுமா சார் வாராவாரம் கூப்பிட்டீங்க?"

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி கணவரை முறைத்தார். "அப்பவே சொன்னேன், வெள்ளி கிள்ளின்னு அளக்காதீங்க, சும்மா வந்துட்டுப் போங்கன்னு கூப்பிடுங்கன்னு. கேட்டீங்களா?"

"சும்மா கூப்பிட்டா கூச்சப்பட்டுக்கிட்டு வரமாட்டாரும்மா!"

மெக்கானிக்குக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் எதுக்கு சார் கூச்சப்படணும்? எனக்கென்ன குறை?"

சார் குரலைத் தணித்துக்கொண்டார்.

"முதல் தடவை ஒயர் அறுந்துபோச்சுன்னு வந்தீங்களே, அது அஞ்சு நிமிஷ வேலை. முடிச்ச பிறகும் டூல்ஸ் பையை மூடுறதும் திறக்கிறதுமா, இருட்டுற வரைக்கும் நீங்க எழுந்திரிக்கவே இல்லையே தம்பி."