சந்தனம் பூசிய துவக்கு

“இது துவக்கில்லை, தும்புத்தடி!”

முதலாளி சிஞ்ஞோரே புதுத் துவக்கைச் சாப்பாட்டு மேசையில் தொம்மென்று போட்டார். போட்ட கோபத்தில் கை பட்டு, கோப்பிக் கோப்பை கவிழ்ந்தது. இராஜநாயகம் துணியோடு ஓடிவந்தான். அந்தப் பலேர்மோ வீட்டில் கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, தனிக்கட்டையான சிஞ்ஞோரேயின் கோபத்தைத் தாங்குவது எல்லாம் அவன் வேலைதான்.

“ரெண்டு ஞாயிறு வேட்டைக்குக் கொண்டு போனன், ராயா. ஒரு தாராவும் விழேல்லை! ஒரு வெடி வைச்சால் அடுத்த தோட்டா தானா ஏறும் எண்டு துவக்குக்கடை நீனோ சொன்னவன். எங்கை ஏறுது? முதல் வெடியோடை இறுகிப்போய் நிக்குது.”

சிஞ்ஞோரே பேசுவது இத்தாலியன். வருடக்கணக்காகக் கேட்டுப் பழகியதில், இராஜநாயகத்தின் காதில் அது ஊர்த்தமிழாகவே விழும். இன்றைக்கு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல விழுந்தது. துவக்கைக் கெடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியும்.

துவக்கு வீட்டுக்கு வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். வருடா வருடம் அவன் குசினி மூலையில் இஸ்திரிப்பெட்டி, கூட்டுகிற தும்புத்தடி, தூசி உறிஞ்சும் மெசின் எல்லாவற்றையும் அடுக்கி, பொட்டு வைத்துக் கும்பிடுவான். சிஞ்ஞோரே அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. கடலையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

இந்தமுறை அலுமாரிக்குள் அசல் ஆயுதமே இருந்தது. தும்புத்தடிக்குப் பூசை செய்துவிட்டுத் துவக்கைப் பட்டினி போட்டால் சாமி சிரிக்காதா? எடுத்துவந்து தேங்காயெண்ணெய் பூசி, சந்தனத்தைக் குழைத்து அப்பினான். அவனுக்குக் கை கொஞ்சம் தாராளம், குழல் வாய்க்குள்ளும் போய்விட்டது. பூசை முடிந்ததும் வெளியே துடைத்தான், உள்ளே மறந்துபோனான்.

இப்போது கோப்பியைத் துடைக்கிற சாட்டில் துணி முனையைக் குழல் வாய்க்குள் விட்டுத் திருகிப் பார்த்தான். துணி மஞ்சளாக வந்தது. குப்பென்று சந்தன மணம். வேறு ஒரு மணமும் இல்லை. வாயிலேயே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவோ! குழல் வெடித்து மனிசன் முகத்தில் பாய்ந்திருந்தால்?

சொல்லிவிடலாம். ஆனால் குகனேஸ்வரி?

யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்ததிலிருந்து அவன் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் அடைந்து கிடக்கிறாள். அவளை இங்கே கூப்பிட, வருகிற திங்கட்கிழமை சிஞ்ஞோரே அவனோடு கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு வந்து, அதிகாரிக்கு முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். “கையெழுத்து விழுமட்டும் எதுக்கும் வாயைத் திறந்து மனிசியைத் துலைச்சுப்போடாதையும்” என்று அறைக்கூட்டாளி சோதிலிங்கம் நேற்றும் சொல்லியிருந்தான்.

“நீனோவுக்கு ரெலிபோன் எடு,” என்றார் சிஞ்ஞோரே. “நம்பரை நீ அமத்து. எனக்குக் கோவத்திலை கை நடுங்குது. இத்தனை வருசச் சிநேகம் இண்டையோடை சரி எண்டு சொல்லப்போறன். இந்தத் துவக்கை வித்த கடைக்காரன் எண்டு ஊர் முழுக்க நாறடிக்கிறன் பார்!”

நீனோ நல்ல மனிசன். சிஞ்ஞோரேயின் மனைவி, இந்த வீட்டுச் சிஞ்ஞோரா, செத்த கிழமை, கடையைப் பூட்டிவிட்டு வந்து சிஞ்ஞோரேயோடு இங்கேயே படுத்து எழும்பியவர். வந்தால் குசினிக்குள்ளும் எட்டிப் பார்த்து, “ராயா, சுகமா?” என்று கேட்காமல் போகமாட்டார். அந்த மனிசன் தலையில் தன் பழி விழப்போகிறது.

இராஜநாயகம் இலக்கங்களை அமத்தினான். கடைசி இலக்கத்துக்கு விரல் போகவில்லை. சோதிலிங்கத்தின் புத்திமதியும் கொழும்பு லொட்ஜும் ஒருகணம் கண்முன் வந்து நின்றன. ரிசீவரை வைத்துவிட்டான்.

“சிஞ்ஞோரே, நீனோவிலை பிழையில்லை. நான்தான் பழுதாக்கினனான்.”

“என்ன?”

“பூசைக்கு வைச்சனான். எண்ணெயும் சந்தனமும் உள்ளுக்கை போயிட்டுது. நீங்கள் என்ன செய்தாலும் செய்யுங்கோ. அந்த மனிசனை மட்டும் பேசாதேங்கோ.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குகனேஸ்வரிக்கு என்னவென்று கடிதம் எழுதுவது என்று மனம் தவித்தது.

ஏச்சு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். சிஞ்ஞோரே மேசையைத் தடவித் துவக்கை எடுத்து, குழல் வாயை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கனநேரம் மணந்தார். அவர் முகம் களவெடுத்துப் பிடிபட்ட ஆளின் முகம்போல் ஆகியிருந்தது.

“நல்லாத்தான் மணக்குது,” என்றார் மெதுவாக. “வெடி வைச்ச துவக்கு இப்பிடி மணக்குமே, ராயா?”

இராஜநாயகத்துக்கு விளங்கவில்லை. “முதல் வெடியோடை இறுகினதெண்டு சொன்னீங்கள்?”

“பொய். ஒரு வெடியும் வைக்கேல்லை. தாரா பறக்கிற சத்தம் தலைக்கு மேலை நல்லாக் கேட்டுது. தாராவைத்தான் காணேல்லை.” துவக்கை மேசையில் பதமாக வைத்தார். “அதை நீனோவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் துவக்கிலை பழியைப் போட்டனான்.”

சிஞ்ஞோரே கையை நீட்டினார். அது இராஜநாயகத்தின் தோளைத் தாண்டிப்போய், திரும்பி வந்து பிடித்துக்கொண்டது.

“திங்கக்கிழமை கையெழுத்து வைக்கிற இடத்தை நீதான் விரலாலை தொட்டுக் காட்டவேணும்.”