வழிகாட்டி சார்

சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்கு நேர்காணல். மேலாளர் எதிரே இருந்த பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

“விமான இன்ஜினியரிங் படிச்சுட்டு மூட்டை எண்ண வந்திருக்கியேம்மா?”

“படிச்ச படிப்புக்கு எங்கயும் வேலை கிடைக்கல சார்.”

“உனக்கு எதுலதான் ஆசை?”

“விவசாயம் சார். அது சோறு போடாதுன்னு, பள்ளிக்கூடத்துல என்ன படிக்கணும்னு சொல்லித்தர்ற எங்க வழிகாட்டி சார்தான் பாதி வகுப்பை விமானப் படிப்புக்குத் திருப்பிவிட்டார்.”

மேலாளருக்குக் கோபம் வந்தது. “அந்த ஆள் கையில கிடைச்சா நாலு வார்த்தை கேட்கணும்.”

“வெளியதான் உட்கார்ந்திருக்கார், கேளுங்க. பள்ளிக்கூடத்துல வழிகாட்டி வகுப்பையே நிறுத்திட்டாங்களாம். அவரும் இந்த வேலைக்குத்தான் வந்திருக்கார்.”

“உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார். ‘இந்த வேலை உனக்குச் சரிப்படாதும்மா, வீட்டுக்குப் போ’ன்னு இப்பத்தான் சொன்னார்.”