தண்ணீர் குடித்த சுவர்

“வெள்ளிக்கிழமைக்கு முந்தி இந்த முற்றத்துக் கல்லெல்லாத்தையும் கிளப்பி, ஒன்றரை அடி இறக்கிப் போடு மேசன்” என்றார் ஆதம்பாவா ஹாஜியார்.

மேசன் தவராசாவுக்குச் சிரிப்பு வந்தது. போன வருடம் இதே முற்றத்தில் மண் நிரப்பி, எல்லையோடு நிற்கும் பக்கத்து வீட்டுச் செங்கல் சுவரை ஒட்ட இன்டர்லொக் கல் பதித்தவன் அவன்தான். “இவ்வளவு உயர்த்தினா அந்தச் சுவர் தண்ணி குடிக்கும் ஹாஜியார்” என்று அன்றைக்கே சொன்னான்.

“குடிக்கட்டும். என்ட முற்றம் காஞ்சு கிடந்தாச் சரி” என்றார் ஹாஜியார்.

அந்த மாரி மழையிலேயே பக்கத்து வீட்டு லெவ்வையின் அறைச்சுவர் பச்சைப் பாசி பிடித்தது. லெவ்வை கெஞ்சினார், ஏசினார், பள்ளிவாசலில் முறையிட்டார். ஹாஜியார் அசையவில்லை.

“இப்ப என்ன திடீரெண்டு மனசு இளகிட்டு? லெவ்வை வழக்குப் போட்டுட்டாரா?”

“இல்ல. வெள்ளிக்கிழமை அவன்ட மகளுக்குக் கலியாணம். வீட்டை மகளுக்கு எழுதிக் குடுத்திட்டான். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை அங்க போய்த்தானே இருக்கணும்?”

“இருக்கட்டுமே. அந்த மாப்பிள்ளை நனைஞ்சா உங்களுக்கென்ன?”

ஹாஜியார் பல்லைக் கடித்தார்.

“என்ட மூத்தவன், கட்டினா அவளத்தான் கட்டுவன் எண்டு நிண்டுட்டான். இந்த லெவ்வை, வீட்டில இருக்கிற நாலு அறையையும் விட்டுட்டு, கலியாணக் கட்டிலை இந்தச் சுவரோட ஒட்டிப் போட்டு வெச்சிருக்கான்!”