மண்வெட்டிப் பிடி

விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு பஹ்மிதாவும் நாலு பெண்களும் இறங்கி வெட்டியதில், சுனாமி வீட்டுத்திட்டத்தின் அடைபட்ட கழிவுநீர்க் கான் இப்போதுதான் சலசலவென்று ஓடுகிறது. உச்சி வெயிலில் அவள் கால்களில் கறுப்புச் சேறு காய்ந்து வெடிக்கிறது. கானைத் திருத்தச் சொல்லி அவர்கள் ஒரு வருடமாகப் போட்ட கடிதங்களுக்கு வராத வீடமைப்பு அதிகாரி, தன் அலுவலகத்துக்குச் சமூகப்பணி விருது கேட்பதற்காகப் படமெடுக்க வந்து, அவளுடைய மண்வெட்டிப் பிடியில் கைவைத்துக் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். "ராத்தா, மண்வெட்டிய சேர்ட்ட குடுத்துட்டு அங்கால தள்ளி நில்லுங்க," என்கிறான் படமெடுப்பவன். "படம் எடுக்க மட்டும் வழி தெரியுதாக்கும்!" கானுக்குள்ளிருந்து சல்மா உம்மா கத்துகிறாள். அதிகாரி மெல்ல இழுக்கிறார். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து எரிய, பஹ்மிதா இறுக்கிப் பிடிக்கிறாள். "தாறன் சேர். முதல்ல கானுக்குள்ள எறங்குங்க."