மீதி ஒரு படம்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபோட்டோகிராபர் முத்துவேல் படம் பிடித்துக் கொடுத்த மூன்று பேர் ஒரே வருடத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் கையில் இருப்பது கேமரா இல்லை, எமன் என்று துறைமுகமே பேசியது. அதன் முன்னால் நிற்க ஆள் இல்லாமல் போகவே, முத்துவேல் டிஜிட்டல் கேமராவுக்கு மாறி, பழைய ஃபிலிம் கேமராவை விற்பனைக்கு வைத்தான்.

வாங்க வந்த பெண் விலையே பேசவில்லை.

"உள்ள ஃபிலிம் இருக்குதா?"

"ஒரு படம் மீதி இருக்கும்மா. ஊர்ல சொல்றத நம்பிடாதீங்க, எல்லாம் மூடநம்பிக்கை."

"அப்ப அங்கேயே நில்லுங்க." அவள் கேமராவைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தாள். "கொஞ்சம் சிரிங்க. மூணாவதா போன என் வூட்டுக்காரரையும் சிரிக்கத்தான சொன்னீங்க?"

முத்துவேல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.