அப்பா கட்டிய சுவர்

“நிலவறைக் கடைசியில இருக்கிற சுவரை இடிச்சுப் பார்க்கணும் முசியே. செலவு என்னுது!”

காப்பி கொண்டுவந்த விடுதிக்காரர் லியோனின் முகம் சுருங்கியது. “அதை மட்டும் தொட மாட்டேன், மதாம்.”

அர்லெத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்காகத்தானே பாரிசிலிருந்து ரயிலேறி, தான் பிறந்த மாளிகையிலேயே வாடகைக்கு அறை எடுத்திருக்கிறாள்! லியோன் இந்த வீட்டை வாங்கியது போன வருஷம்தான். அதற்குள் என்ன சொந்தம் கொண்டாடுகிறார்?

“அது எங்க அப்பா கட்டின சுவர். போர்ல ஜெர்மன் அதிகாரிங்க இந்த வீட்டுலயே தங்க வர்றாங்கன்னதும், நல்ல ஒயினையெல்லாம் உள்ள வெச்சு அடைச்சார். ஒயினுக்குப் பேர்போன இந்தப் பர்கண்டியில எல்லாரும் செஞ்சதுதானே? புதுச் சுவர்னு தெரியக் கூடாதுன்னு என்னைச் சிலந்தி பிடிச்சு அது மேல விடச் சொன்னார், வலை பின்னட்டும்னு. கோழிக்கூடு, கோயில் மணிக்கூண்டு, ஒண்ணு விடல நான்!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாந்து அப்பிய கையோடு, “வந்துடுச்சா உன் பட்டாளம்?” என்று அப்பா கேலி செய்தது நேற்றுப் போல இருந்தது. அந்த நாட்களுக்காக மனசு ஏங்கியது.

“நீங்க... அவர் மகளா?” லியோன் அவளையே உற்றுப் பார்த்தார்.

“ஆமா. போர் முடியறதுக்குள்ள அப்பா போய்ச் சேர்ந்துட்டார். ஊர் வாயை மூட முடியுமா? ‘நமக்கு ஒரு சொட்டு ஊத்தாம, அத்தனையையும் ஜெர்மன்காரனுக்கு வித்துத் தின்னவன்’னு நாப்பது வருஷமா பேசுறாங்க. அந்தப் புட்டிகளைக் காட்டி அவங்க மூஞ்சில கரி பூசணும்!”

லியோன் சமையலறைக்கு நடந்தார். கனத்த அலமாரியை நகர்த்தி, அடியிலிருந்த தரைப்பலகையைத் தூக்கினார்.

“இடிக்க வேண்டாம். இப்படி ஒரு வழி இருக்கு.”

அர்லெத் திகைத்தாள். இங்கேயே வளர்ந்தவளுக்கு இது தெரியாதே! விளக்கோடு ஏணியில் தடுமாறி இறங்கினாள். சுவருக்குப் பின்னால் மட்கிய வைக்கோலும் ஒரு தகரக் குவளையும் கிடந்தன. ஒரு புட்டிகூட இல்லை.

“அப்போ ஊர் சொன்னது நிஜம்தானா? அப்பா வித்துட்டாரா?” அவள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பின்னால் இறங்கி வந்த லியோன் அந்தத் தகரக் குவளையைக் கையில் எடுத்தார்.

“இங்க ஒயினே இருந்ததில்ல மதாம். உங்க அப்பா இங்க ஒளிச்சு வெச்சது, யூதர்களான எங்க அம்மாவையும் என்னையும்தான்.”