விறாந்தையில் ஒரு வரம்பு

மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று வாங்கிய அக்கிரிலிக் வர்ணங்கள் விறாந்தைக் கட்டின் மேல் வரிசையாக நிற்கின்றன. பின்னேர வெயில் கன்வஸில் சாய்ந்து விழுகிறது. நான் எங்கள் வட்டக்கச்சி வயலைப் படமாகக் கீறிக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் காட்டுகிற எண்ணம் இல்லை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பைகளோடு அப்பாவும் பக்கத்து வயல்காரர் சிவபாதம் மாமாவும் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள்.

“பிள்ளை, வரம்பை எங்க போட்டு வைச்சிருக்கிறாய்?” என்கிறார் அப்பா. “எங்கட பக்கம் ரெண்டு முழம் உள்ளுக்கு வந்திட்டுது.”

“சரியாத்தான் கீறியிருக்கிறா,” என்கிறார் மாமா. “படிச்ச பிள்ளை பொய் கீறுமே? நான் எவ்வளவு காலமா இதைத்தானே சொல்லுறன்.”

“தள்ளிக் கீறு, பிள்ளை.”

“அது காய்ஞ்சிட்டுது, அண்ணை. இனி அசையாது.” மாமா வரம்பைத் தொட்டுப் பார்த்து, வர்ணம் ஒட்டாத விரலை அப்பாவுக்குக் காட்டுகிறார்.

அக்கிரிலிக் காய்ந்தாலும் மேலே பூசலாம். பெரிய தூரிகையை நீலத்தில் தோய்த்து, வரம்புக்கு மேலால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இழுக்கிறேன். இரண்டு வயலும் ஒரே தண்ணீராக மினுங்குகின்றன. முற்றத்தில் கோழி கிளறுவது கேட்கிறது. என் தோள்கள் மெல்ல இறங்குகின்றன.

அப்பா ஒரு மிடறு குடிக்கிறார். “குளத்தைத் திறந்திட்டாங்கள் போல.”

“ஓம்,” என்று மாமா கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருக்கிறார். “தண்ணி முதல் ஆருடைய வயலுக்கு?”